நல்ல பேர் வாங்கிய சைக்கிள்

‘பேர்’ என்கிற சொல்லை நம் வீடுகளில் இரண்டு சந்தர்ப்பங்களில் அதிகம் கேட்கலாம். ஒன்று, கடைக்குக் கிளம்பும்போது: “பேர் உள்ள கம்பெனியா பாத்து வாங்கு.” இன்னொன்று, பெண்பிள்ளை வெளியே கிளம்பும்போது: “பேரைக் கெடுத்துக்காம வா.” மிக்சியையும் மகளையும் ஒரே படியால் அளக்கிறோம். இரண்டிலும் ஊர் என்ன சொல்லும் என்பதே முதல் கேள்வி. மிக்சி எப்படி அரைக்கிறது, மகளுக்கு என்ன வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான். பல வீடுகளில் அந்தக் கேள்விகள் வருவதே இல்லை.

சீர்வரிசையை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் குக்கர், கிரைண்டர், தையல் மிஷின் எல்லாம் கம்பெனி பெயர் தெரியும்படி அட்டைப்பெட்டியோடு அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கியது அப்பாவோ தாய்மாமாவோ. எண்ணிப் பார்ப்பது மாப்பிள்ளை வீட்டார். அடுத்த முப்பது வருஷம் அவற்றோடு மல்லுக்கட்டப் போகிறவளிடம், “இந்த மிஷின் உன் காலுக்கு எட்டுதாம்மா?” என்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் எங்கள் பள்ளி மைதானத்தில் புதுச் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் நடந்து வீட்டுக்குப் போவதில்லை, பறக்கிறார்கள். ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு அதே சைக்கிள் திண்ணை ஓரமாகச் சாய்ந்துவிடும். காரணம், அதற்குப் ‘பேர்’ இல்லை. அல்லது, வேறு விதமான பேர் இருக்கிறது: ‘ஓசிச் சைக்கிள்’.

போன வருஷம் பிளஸ் டூ முடித்த என் மாணவி ஒருத்தியின் கதையும் அங்கேதான் முட்டி நின்றது. வீடு மேலூரில். அப்பாவுக்குத் தனியார் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலை. அம்மா பூ கட்டுகிறார். ஆற்றைத் தாண்டி, சிந்தாமணிப் பக்கம் மாலை நேரத் தட்டச்சு வகுப்பில் சேர வேண்டும், பிப்ரவரியில் அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுத வேண்டும், பிறகு டி.என்.பி.எஸ்.சி. என்பது அவள் போட்டு வைத்திருந்த கணக்கு. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதத்திலிருந்து இருக்கிறது. ஆனால் அவள் வகுப்பு முடிகிற நேரத்துக்கும் மேலூருக்குப் பஸ் வருகிற நேரத்துக்கும் ஒத்துவரவில்லை. சைக்கிள்தான் வழி. சைக்கிளும் வீட்டில் இருந்தது, காற்று இறங்கி, சீட் தாழ்ந்து, செயின் துருவேறி.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “படிச்சு முடிச்ச பொண்ணு கவர்மெண்ட் சைக்கிள்ல போனா பாக்கிறவன் என்ன நினைப்பான் டீச்சர்? தீபாவளி போனஸ் வரட்டும். கியர் வச்ச, நல்ல கம்பெனி சைக்கிளா எடுத்துக் கொடுத்துடுறேன். அப்புறம் போகட்டும்” என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மகளுக்குச் சிறந்ததை வாங்கித் தர வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அது ஜூன் மாதம். தீபாவளிக்குப் பிறகு சேர்ந்தால் பிப்ரவரித் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான்.

இந்த ‘அப்புறம்’ எனக்குப் பழக்கமான சொல். பெண்களுக்கு முகத்துக்கு நேரே மறுப்பதைவிட இப்படிச் சிறந்ததற்காகக் காத்திருக்கச் சொல்வது மரியாதையாகத் தெரிகிறது. விளைவு ஒன்றுதான்.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர்ப் பக்கம். சின்ன வயதில் என் அண்ணன் பார் வைத்த சைக்கிளின் முக்கோணத்துக்குள் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தபோது, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். எனக்கு ஹேண்டில்பார் கைக்கு வந்தது பத்தொன்பது வயதில், அறிவொளி இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்த பிறகு. 1991-92இல் அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களிடம் கொண்டுவந்தார். வாடகைச் சைக்கிள், மணிக்கு ஒரு ரூபாய். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. 1992இல் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

அவர் குறித்து வைத்திருக்கும் இன்னொரு விஷயம் எனக்கு அதைவிட முக்கியம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். கிடைக்காததால் மட்டும் எடுக்கவில்லை. சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். நான் கண்ணால் பார்த்தது: பாரில் பிள்ளை, கேரியரில் தூக்குவாளி, ஹேண்டிலில் குடம். தன் நாளில் என்னென்ன வேலை இருக்கிறது என்று தெரிந்தவளிடம் தேர்வை விட்டால், ‘உனக்கானது’ என்று எழுதி ஒட்டிய பொருளைத் தாண்டி அவள் கை போகும்.

லேடீஸ் சைக்கிளை நான் குறை சொல்லவில்லை. புடவையோடு ஏறி இறங்க அது வசதிதான். ஆனால் கணக்கு டீச்சராக ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பக்கங்களின் நீளம் நிலையாக இருந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறாது. நாற்கரம் அப்படியல்ல, அழுத்தினால் சாயும். ஜென்ட்ஸ் சைக்கிளின் உறுதி அந்தப் பாரில் இருக்கிறது. பாரைக் கீழே இறக்கினால் அதே உறுதிக்கு இரும்பைக் கூட்ட வேண்டும், எடை கூடும். உடைக்காக வளைத்த சட்டம், உடை சுடிதாராக மாறிய பிறகும் வளைந்தே இருக்கிறது.

பெயர்களின் கதை இன்னும் வேடிக்கை. எங்கள் ஊரில் ஹெர்குலிஸ்காரர்களும் பி.எஸ்.ஏ.காரர்களும் டீக்கடையில் கட்சி கட்டிச் சண்டை போடுவார்கள். 1949இல் மெட்ராஸில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற ஒரே கம்பெனிதான் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று மூன்று பெயரிலும் விற்றது. மூன்றும் இங்கிலாந்தில் பர்மிங்காம் வட்டாரத்திலிருந்து வந்த பெயர்கள். பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனி அது. சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள் அதன் சின்னம். துப்பாக்கிக்குக் கிடைத்த பேர் சைக்கிளுக்கு வந்து, கடல் தாண்டி, நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் சைக்கிளில் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் இவ்வளவு தூரம் தானாகவே பயணம் செய்யும். சைக்கிளை மிதிப்பவள்தான் நகர்த்த வேண்டும்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருத்தி இதை மிதித்துத் தெரிந்துகொண்டாள். ஆனி கோஹன் கோப்சோவ்ஸ்கி, மூன்று குழந்தைகளின் தாய். 1894 ஜூனில் உலகைச் சுற்றிவரப் பாஸ்டனிலிருந்து சைக்கிளில் கிளம்பினாள். அன்றைக்கு அமெரிக்காவில் பெரிய பேர் வாங்கிய கொலம்பியா கம்பெனியின் பெண்கள் சைக்கிள். எடை 42 பவுண்டு, சுமார் 19 கிலோ. நீளப் பாவாடையோடு சிகாகோ வரை மிதித்துப் பார்த்துவிட்டு, அங்கே அதை மாற்றினாள். ஸ்டெர்லிங் கம்பெனியின் ஆண்கள் சைக்கிளை எடுத்தாள். எடை 21 பவுண்டு, சரிபாதி. பாவாடையும் போய்க் கால்சட்டை வந்தது. அவளே ஒரு விளம்பரப் பெயரைச் சுமந்துகொண்டுதான் போனாள் என்பது தனிக் கதை. லண்டன்டெரி என்ற குடிநீர்க் கம்பெனி நூறு டாலர் கொடுத்ததால் ஆனி லண்டன்டெரி ஆனாள். பெயரைக் காசுக்கு விற்கத் தெரிந்தவள், பெயருக்காக 42 பவுண்டைச் சுமக்கத் தயாராக இல்லை.

இது சைக்கிளோடு நிற்கிற விஷயம் இல்லை. என் தம்பி மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அலுவலகத் தோழிகளோடு கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போனாள். கடையில் அவள் உயரத்தைக்கூடக் கேட்காமல், பெரிய பெயர் எழுதிய ‘லேடீஸ் செட்’ ஒன்றை எடுத்து நீட்டினார்களாம். “அத்தை, ரோஸ் கலர்ல இருந்துச்சு” என்று போனில் சிரித்தாள். பிறகு பயிற்சியாளர் அவள் வீச்சின் வேகத்தை அளந்து பார்த்து, அந்த மட்டையின் தண்டு அவளுக்கு மிகவும் துவள்கிறது என்றாராம். அவள் பள்ளியில் கைப்பந்து ஆடியவள்.

அவள் சொன்னதைக் கேட்டு நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். கோல்ஃப் மட்டையின் தண்டு எவ்வளவு வளையும் என்பதற்கு எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘எல்’ என்றால் லேடீஸ், ‘ஆர்’ என்றால் சாதாரணம், ‘எஸ்’ என்றால் விறைப்பு. இந்த எழுத்துகளுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் ‘ஆர்’ இன்னொரு கம்பெனியின் ‘எஸ்’ போல இருக்கலாம். அதே சமயம், தூரம் அடிக்கிற ‘டிரைவர்’ மட்டையின் தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதன் முகம் பந்தை இவ்வளவுக்கு மேல் துள்ளவிடக் கூடாது என்று ஆட்ட விதி இருக்கிறது. பெரிய கம்பெனிகள் எல்லாம் அந்த வரம்பை ஒட்டியே செய்கின்றன. அப்படியானால் பெயருக்குப் பெயர் உள்ள வித்தியாசத்தைவிட, மட்டையின் நீளமும் எடையும் தண்டும் ஆடுகிறவளின் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் பெரிய வித்தியாசம். அதைத் தெரிந்துகொள்ள அவளைத்தான் வீசச் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்துகொண்டு நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடியில் பதக்கம் போனது. களத்தில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். தூரத்தில் விட்டதைக் குழிக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டுகிற ஆட்டத்தில் பிடித்தார். அந்த வாரம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவருடைய அம்மா. தன் பலம் எது என்று தெரிந்து அதற்கேற்ற மட்டையை எடுப்பவளுக்கு, மற்றவர்களின் பலத்துக்குப் பேர் போன மட்டையால் என்ன ஆகப் போகிறது?

மேலூருக்கு வருவோம். நான் அவள் அப்பாவோடு வாதம் செய்யவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனிடம் கியர் வைத்த சைக்கிள் இருந்தது. அப்பா ஆசைப்பட்ட அதே ரகம், அதே பேர். இரண்டு நாள் கடன் வாங்கினேன்.

முதலில் அரசு சைக்கிளை அப்படியே ஓட்டச் சொன்னேன். மேலூரிலிருந்து அம்மா மண்டபம், மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சிந்தாமணி. 34 நிமிடம். பிறகு மாம்பழச் சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் கடையில் விட்டோம். வயதான மெக்கானிக். அவர் கம்பெனி பெயரைப் பார்க்கவே இல்லை. “ஏறி உக்காரும்மா” என்றார். பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி சீட் பைப்பை நான்கு விரற்கடை உயர்த்தினார். பின் ரிம்மில் பெண்டு எடுத்தார். பிரேக் கட்டைகளை மாற்றி, அவள் விரல் எட்டும்படி பிரேக் கம்பியைச் சரிசெய்தார். செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று.

நான் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். முன் சக்கரத்தட்டில் 44 பல், பின்னால் 18 பல் இருந்தது. ஒரு மிதிக்குப் பின் சக்கரம் 44/18, அதாவது கிட்டத்தட்ட 2.44 சுற்று. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர். சமதரையில் நல்லது, பாலத்தின் ஏற்றத்தில் தொடை கடுக்கும். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டால் ஒரு மிதிக்கு நாலே கால் மீட்டருக்குள். வேகம் கொஞ்சம் குறையும், மிதி லேசாகும். அவளே கணக்கைப் போட்டுவிட்டு, “22 போடுங்க அண்ணே” என்றாள். ஒரு டார்ச் விளக்கும் மாட்டினோம். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது.

மறுநாள் இரண்டு சைக்கிளையும் அதே நேரத்தில், அதே வழியில், இரண்டு தடவை ஓட்டினாள். ஆடி பிறக்கப் போகிற சமயம். காவிரிப் பாலம் வடக்கு தெற்காக ஓடுவது. காற்று மேற்கிலிருந்து வரும். ஸ்ரீரங்கத்திலிருந்து போகும்போது வலது தோளில் வந்து தள்ளும். கியர் சைக்கிளில் சராசரி 29 நிமிடம். சரிசெய்த அரசு சைக்கிளில் 27. கியர் சைக்கிள் மோசமானது இல்லை, அது வேறு வேலைக்குச் செய்தது. மலைப்பாதைக்கான தடித்த முள் டயர் தார்ச்சாலையில் உராய்கிறது. மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை முன்பக்கத்து ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. கேரியர் இல்லை, பையைத் தோளில் சுமக்க வேண்டும். செயின் கவர் இல்லை, சுடிதார்க் கால் மாட்டுகிறது. சட்டம் ஓர் ஆணின் உயரத்துக்கு.

இரண்டு நிமிடம் பெரிய விஷயமில்லை. 34ஐ 27 ஆக்கியது ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது என்பதும், அதற்குத் தீபாவளி வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும்தான் விஷயம்.

அப்பா காகிதத்தைப் பார்த்தார். “கணக்கு சரிதான் டீச்சர். ஆனா பேருன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். அதுவரை பேசாமல் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “பேரு வர்றப்ப வரட்டும். இவ இப்ப போகட்டும்.”

சைக்கிளின் செயல்திறன் என்பதை நிமிடத்தில் மட்டும் அளக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்கும் திட்டம் வந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். மாணவிகள் உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது 32 சதவீதம் கூடியது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. ஓட்டுகிறவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதுதான் சைக்கிளின் தரம். அந்தத் தரத்தை எந்தக் கம்பெனியும் ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்ட முடியாது.

ஆகவே, கல்லூரிக்குப் போகிற தங்கைகளே, சைக்கிளோ ஸ்கூட்டியோ லேப்டாப்போ, அடுத்த முறை வீட்டில் உங்களுக்காக ஏதாவது வாங்கும்போது கடைக்கு நீங்களும் போங்கள். ஏறி உட்காருங்கள். கால் எட்டுகிறதா, பிரேக்குக்கு விரல் எட்டுகிறதா, உங்கள் பை வைக்க இடமிருக்கிறதா, உங்கள் தெருவிலேயே பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து பேரும் இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். பேருக்காக மட்டும் காத்திருக்கச் சொன்னால், எத்தனை மாதம், அதற்குள் எது எது கைவிட்டுப் போகும் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள்.

மேலூர்ப் பெண் பிப்ரவரியில் தேர்வு எழுதினாள். போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சீட் பைப்பில் பெயின்டால் இரண்டு கோடு போட்டிருந்தாள். மேலே உள்ளது அவளுடைய உயரம். கீழே உள்ளது, காலையில் பள்ளிக்கு எடுத்துப் போகிற தங்கையுடையது. இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு கோடு ஈரமாக இருந்தது. யாருக்கு என்று கேட்டேன். சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குத் தானே போய்வர முடியுமா என்று அம்மா சாயங்காலங்களில் ஓட்டிப் பழகுகிறார்களாம்.